கியர் வண்டி வாங்கப் போற சாந்திக்கு

திருவொற்றியூர்,
ஞாயித்துக்கிழமை மத்தியானம்

அன்புள்ள சாந்தி,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். தண்டையார்பேட்டைக்கே திரும்பி வந்துட்டே, மணலியில வேலையும் அமைஞ்சிடுச்சு, ரொம்ப சந்தோஷம். ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க முடியல, வண்டி வாங்கப் போறேன்னு சொன்னே, அதுவும் நியாயம். கடைசியா "வாங்கினா புல்லட்தான்டி"ன்னு ஒண்ணு சொன்னே பாரு, அதுக்காகத்தான் உட்கார்ந்து எழுதறேன். போன்ல சொன்னா நீ என்னைப் பேச விடமாட்டே.

புல்லட் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. இங்கிலாந்துல பொறந்து எங்க ஊர்ல வளர்ந்த வண்டி அது. நம்ம ராணுவம் 350 சிசி புல்லட்டுக்கு ஆர்டர் குடுத்துச்சு. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர் ஃபாக்டரியில எங்க அப்பா எத்தனை வருஷம் உழைச்சாருன்னு உனக்கே தெரியும். ஆனா இப்ப வர்ற புல்லட் 350 ஏறக்குறைய 195 கிலோ. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. நடுவுல இருக்கிற வித்தியாசம் உன் வீட்டுக்காரர் எடை. ஓடும்போது அது தெரியாது. நிக்கும்போது, தள்ளும்போது, ஒரு பக்கம் லேசா சாயும்போதுதான் தெரியும். நம்ம பக்கம் வண்டி ஓடறதைவிட நிக்கறதுதானே அதிகம்? கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டா என்ன ஆகும்னு நான் உனக்குச் சொல்லணுமா!

அதனால முதல் வண்டி 100, 125 சிசியில லேசானதா இருக்கட்டும். ஷோரூமுக்கு ஷூ போட்டுக்கிட்டுப் போய் ஏறி உட்காரு. ஒரு பாதம் முழுசாவும் இன்னொண்ணு பாதியாவது தரையில ஊனணும். சீட் உயரக் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறாதே. சீட் அகலமா இருந்தாலும் நம்மள மாதிரி குள்ளச்சிங்களுக்குக் கால் எட்டாது. புல்லட்டை அப்புறம் வாங்கு, நானே வந்து வடிவுடையம்மன் கோயில் வாசல்ல எலுமிச்சம்பழம் வைக்கிறேன்.

லைசென்ஸை எடுத்துப் பாரு. கியர் இல்லாத வண்டின்னு மட்டும் இருந்தா அது ஸ்கூட்டியோட சரி, இதுக்குப் புதுசா எல்.எல்.ஆர்., அதான் பழகுனர் லைசென்ஸ், போடணும். ஆறு மாசம் செல்லும், முப்பது நாள் கழிச்சு டெஸ்டுக்குப் போகலாம். அதுவரைக்கும் எல் போர்டு ஒட்டணும், கத்துக்குடுக்கிறவங்களைத் தவிர யாரும் பின்னால உட்காரக்கூடாது. பொண்ணை டியூஷன்ல விட்டுட்டு வரேன்னு கிளம்பிடாதே.

இனிமேதான் முக்கியமான விஷயம். இத்தனை வருஷம் ஸ்கூட்டி ஓட்டினவ, எனக்கென்னன்னு நினைப்பே. அந்தப் பழக்கம்தான் முதல் தொந்தரவு. ஸ்கூட்டியில ரெண்டு பிரேக்கும் கையில இருக்கு. இங்க இடது கைக்கு கிளட்ச் வந்துடும், பின் பிரேக் வலது காலுக்குப் போயிடும். ஒரு நாய் குறுக்க வந்தா உன் இடது கை பிரேக்குன்னு நினைச்சு கிளட்சை இறுக்கிப் பிடிக்கும். வண்டி நிக்காது, அது பாட்டுக்கு உருண்டுக்கிட்டே போகும். அந்தக் கைக்குப் புதுப் பாடம் ஏறுற வரைக்கும் மெயின் ரோடு பக்கமே போகாதே.

அப்பாகிட்ட கேட்டுக் கத்துக்கலாம்னும் நினைக்காதே. அவர் ஓட்டின புல்லட்ல கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. ஃபர்ஸ்ட் மேல, மத்த மூணும் கீழ. இன்னிக்கும் திண்ணையில உட்கார்ந்துக்கிட்டு எனக்கு வலது கால் பாடம்தான் நடத்தறாரு, நான் தலையாட்டிட்டுப் போயிடுவேன். இப்ப கியர் இடது காலுக்கு வந்தாச்சு. அஞ்சு கியர் வண்டிகள்ல பெரும்பாலும் ஃபர்ஸ்ட் கீழ, மத்ததெல்லாம் மேல. நாலு கியர்ல வேற மாதிரியும் வரும், வாங்கற இடத்துல கேட்டுக்கோ.

முதல்ல ஆக்சிலரேட்டரைத் தொடவே தொடாதே. ஃபர்ஸ்ட் போட்டு கிளட்சை மெல்ல விட்டுக்கிட்டே வா. ஒரு இடத்துல இன்ஜின் சத்தம் தாழும், வண்டி லேசா முன்னால இழுக்கும். கையை அங்கேயே நிறுத்து. அந்த இடத்தை உன் விரல் கண்ணை மூடிக்கிட்டுக் கண்டுபிடிக்கணும். அதை வச்சே நடக்கற வேகத்துல மைதானத்தைச் சுத்து, எட்டு போடு, கால் கீழ படாம திரும்பு. பசங்க வேகமா போறதைக் காட்டி மெரட்டுவாங்க. வேகமா போனா வண்டி தானே நேரா நிக்கும், அதுல ஒண்ணும் சாமர்த்தியம் இல்ல. எம்.சி. ரோட்டுல தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவுல கால் ஊனாம போறவதான் ஓட்டத் தெரிஞ்சவ.

ராயபுரம் மேம்பாலம் ஏத்தத்துல டிராஃபிக் நின்னுடுச்சா? வலது காலால பின் பிரேக்கை மிதிச்சு வண்டியை நிறுத்தி வை. கிளட்ச் பிடிமானம் வந்து வண்டி முன்னால துடிச்ச பிறகுதான் பிரேக்கை விடணும். முன் பிரேக்குக்குப் பயந்து அதைத் தொடாமலே ஓட்டறவங்க உண்டு. அது தப்பு, வண்டியை நிறுத்தறதுல பெரிய பங்கு அதுக்குத்தான். மெதுவா ஆரம்பிச்சு அழுத்தணும், ஹேண்டில் நேரா இருக்கணும். மணல்லயும், காசிமேட்டுப் பக்கம் மீன்கூடை ஐஸ் தண்ணி வழிஞ்ச ரோட்டுலயும் திரும்பிக்கிட்டே பிடிச்சா சறுக்கிடும்.

லாரி விஷயம் தனி. எண்ணூர் விரைவுச் சாலையில கன்டெய்னர் லாரி வரிசையா நிக்கும், இடது பக்கம் சந்து காலியா இருக்கும், பார்த்தா ஆசையா இருக்கும். போகாதே. அந்த நீள வண்டி இடது பக்கம் திரும்பினா முன்சக்கரம் அகலமா சுத்தும், பின்சக்கரம் மூலையை வெட்டிக்கிட்டு உள்ளே வரும். நீ நிக்கிற இடம்தான் அது. லாரி கண்ணாடியில டிரைவர் முகம் உனக்குத் தெரியலைன்னா, நீ இருக்கிறதே அவருக்குத் தெரியாது. ரெண்டு லாரிக்கு நடுவுலயும் நுழையாதே, பின்னால நின்னு புகையைக் குடிச்சாலும் பரவாயில்ல.

துப்பட்டாவைப் பின் குத்தி உள்ளே செருகு, இல்லைன்னா வீட்டுலயே விட்டுட்டு வா. வண்டிச் செயின்ல சுத்தினா கழுத்தோட போயிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட் வாங்கு, பட்டையைப் பூட்டு. உன் பழைய ஹெல்மெட்டை ஸ்கூட்டி கண்ணாடியில மாட்டி வச்சு ஓட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு.

கடல் காத்து உப்பு செயினைத் தின்னுடும், துடைச்சு ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டே இருக்கணும். மழைக்காலத்துல கணேசபுரம் சப்வே பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதே. தண்ணியில வண்டி அணைஞ்சா செல்ஃப் அடிக்காம தள்ளிக்கிட்டே மெக்கானிக்கிட்ட போ. தண்ணி இன்ஜினுக்குள்ள போயிருந்தா, ஸ்டார்ட் பண்ணும்போது உள்ளே இருக்கிற ராடு வளைஞ்சிடலாம்.

எங்க வீட்டு விஷயம் ஒண்ணும் பெருசா இல்ல. அம்மாவுக்கு முட்டி வலி, மெட்ரோ படிக்கட்டைப் பார்த்தாலே முறைக்கிறா, லிஃப்ட் இருக்குன்னா நம்ப மாட்டேங்கறா. தம்பிக்குப் பொண்ணு பார்க்கறோம். நான் மோட்டார்பைக்ல போனா "இன்னாம்மா, ஆம்பள வண்டி"ன்னு இன்னும் டீக்கடையில ஒருத்தர் கேட்பாரு. டேங்க்ல எழுதியிருக்கான்னு ஒரு நாள் கேட்டேன், அதுலேர்ந்து டீயைத்தான் பார்க்கிறாரு.

வண்டி வாங்கறதுக்கு முன்னாடி எல்.எல்.ஆர். போடு. அது வந்ததும் ஏதாவது ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலையில இங்க வா. என் பழைய வண்டியிலயே ஓட்டிப் பாரு, கீழ போட்டாலும் கேட்க மாட்டேன். ஷூ போட்டுக்கிட்டு வா, செருப்போட வந்தா திருப்பி அனுப்பிடுவேன். மதியம் சாப்பிட்டுட்டுத்தான் போகணும், அம்மா வஞ்சிரம் வாங்கணும்னு இப்பவே சொல்லிட்டா. அப்புறம், நம்ம கிளாஸ் கலா நம்பர் உன்கிட்ட இருக்கா? இருந்தா அனுப்பு.

அன்புடன்,
விஜி