சிறுமியை ‘மைனர் பெண்’ என்று எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலியல் குற்றச் செய்திகளிலும் குழந்தைத் திருமணச் செய்திகளிலும் ‘மைனர் பெண்’ என்று எழுதுவதைத் தங்கள் நாளிதழ் கைவிட வேண்டுகிறேன்.

‘மைனர்’ லத்தீன் சொல். ‘சிறியவர், இளையவர்’ என்று பொருள். ஆங்கிலேயர் சட்டத்தோடு நம் பத்திரங்களுக்குள் வந்தது. ‘மைனருக்காகத் தகப்பனாரும் கார்டியனுமான’ என்று பத்திரத்தில் எழுதும்போது குழப்பமே இல்லை. ஊர்ப் பேச்சில்தான் சொல் திசைமாறியது. அந்தக் காலத்தில் ஜமீன்தார் இறந்து வாரிசு சிறுவனாக இருந்தால், ஜமீனை ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ என்ற அரசு அமைப்பு நிர்வகிக்கும். 1875ஆம் ஆண்டுச் சட்டம் மைனர் என்பதற்குப் பொதுவாக 18 வயதை எல்லையாக வைத்தாலும், இப்படிப்பட்ட வாரிசுகளுக்கும் நீதிமன்றம் கார்டியன் நியமித்தவர்களுக்கும் 21 என்றது. அந்த வேறுபாடு 1999இல்தான் நீங்கியது. ஆக, மீசை வைத்த 20 வயது ஜமீன் வாரிசும் சட்டப்படி மைனர். சொத்துக்காரப் பிள்ளை, உல்லாசி என்ற பொருள் இவர்களைப் பார்த்துத்தான் ஒட்டியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ‘மைனர் செயின்’, ‘மைனர் மாதிரி திரிகிறான்’ என்பதெல்லாம் இன்றும் வழக்கில் உண்டு.

இந்த நிழல் படிந்த சொல்லையா பாதிக்கப்பட்ட ஒரு குழந்தைக்கு அடைமொழியாக்குவது? கூடவே ‘பெண்’ என்று வந்துவிட்டால், படிப்பவர் மனதில் வளர்ந்த பெண்தான் தோன்றுகிறாள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமோ 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே சொல்கிறது.

‘வயதுக்கு வராத’ என்று மாற்றினாலும் சரிவராது. தமிழில் அது பூப்பைக் குறிக்கும். பூப்பெய்திய 13 வயதுச் சிறுமியும் சட்டத்தின் முன் குழந்தைதான். இலங்கைத் தமிழர் ‘பராயமடையாதவர்’ என்கிறார்கள், நல்ல சொல். நம் சட்டத் தமிழில் ‘இளவர்’ உண்டு. வழக்காடுவோருக்கு அவை பயன்படட்டும். செய்திக்கு ‘15 வயதுச் சிறுமி’, ‘16 வயதுச் சிறுவன்’ போதும். வயது தெரியாவிட்டால் ‘18 வயது நிறையாத சிறுமி’ என்று எழுதலாம். ‘மைனர் சிறுமி’ என்றும் சில நாள் அச்சாகிறது. சிறுமி என்ற பிறகு மைனர் எதற்கு?

தலைப்பு எழுதும் உதவி ஆசிரியர்களுக்கு இதைத் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி