கடலின் அடியையும் அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மீன்வளத் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம். கூட்டப்புளி தொடங்கி இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூடுதாழை வரையுள்ள கரையில் வள்ளம் இறக்கிப் பிழைக்கும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். எங்கள் கடலின் அடிவெப்பத்தையும் கரைக்கு வரும் மீனையும், எங்கள் ஊர்களிலேயே ஆண்டு முழுக்க அளக்க ஏற்பாடு செய்யுங்கள்.

வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேல்நீர் 1951 முதல் 2015 வரை சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கிறது. மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் சொன்ன கணக்கு இது. ஆனால் அது மேல்நீர். ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ், மீன் கூடும் இடத்தைச் சொல்லித் தரும் மீன்வளப் பகுதி அறிவிப்பும் செயற்கைக்கோள் பார்க்கும் மேல்நீர் வெப்பத்தையும் பாசி நிறத்தையும் வைத்துக் கணிப்பதுதான். மேகம் மூடினால் அந்தக் கண் மறைந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வானம் மூடிக் கிடக்கிறது. குமரி முனையைச் சுற்றிக் கீழ்நீர் மேலேறி, நுண்பாசி பெருகி, சாளை (மத்தி) மீனுக்கு இரை சேர்வதும் அதே மாதங்களில்தான். நமக்குத் தகவல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது கிடைப்பதில்லை.

மேல்நீர் அதிகம் சூடானால் அது லேசாகி, கனத்த குளிர்நீரின் மேல் தனி அடுக்காகப் படுத்துவிடும். காற்று எவ்வளவு அடித்தாலும் கீழ்நீர் எளிதில் கிளம்பாது. அதிலுள்ள சத்தும் கீழேயே தங்கிவிடும். வெந்நீரில் பிராணவாயுவும் குறைவு. 20 டிகிரி கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.4 மில்லிகிராம் பிடிக்கும் என்றால், 30 டிகிரியில் 6.2 தான். ஆகவே மீன் ஏன் விலகிப் போனது என்று அறிய மேல்வெப்பம் மட்டும் போதாது. மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் தெரிய வேண்டும்.

இதற்குப் பெரிய கப்பல் வேண்டாம். கட்டைவிரல் அளவு வெப்பப் பதிவுக் கருவிகள் இருக்கின்றன. 3, 7, 12 பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர்) ஆழத்தில் ஊருக்கு மூன்று இடம் போதும். மேல்நீருக்கு வாரம் ஒருமுறை, விடியும் முன் வள்ளத்திலிருந்தே அளந்து எழுதிவிடலாம். கருவி மணிக்கு ஒருமுறை பதியட்டும். கான்கிரீட் கட்டையில் கட்டி, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கவிடுங்கள். தரையோடு கிடந்தால் மண் மூடும். மேலே மிதவை தெரியும்படி வைத்தால் இஞ்சின் விசிறி அறுக்கும், இழுவைமடி வாரிக்கொண்டு போகும். மிதவையை இரண்டு பாகம் நீருக்குள் அமிழ்த்தி, இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்தால் போதும். சிப்பியும் பாசியும் மூன்றே மாதத்தில் மேலே கல்லாக ஒட்டிக்கொள்ளும். அதன்பின் கருவி வெப்பமாற்றத்தைத் தாமதமாகத்தான் காட்டும். துளையிட்ட பிவிசி குழாய்க்குள் வைத்துச் செப்பு வலை சுற்றினால் ஒட்டுவது குறையும். இறக்கும் முன்னும் எடுத்த பின்னும் ஐஸ் உருகும் நீரில் முக்கிப் பார்க்க வேண்டும். 0 டிகிரி காட்டாத கருவியின் பதிவைத் திருத்தாமல் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இடத் தேர்வில் ஒரு கண்டிப்பு வேண்டும். கூடங்குளம் அணுமின் நிலையம் குளிர்விக்க எடுத்த நீரைச் சூடாகக் கடலில் விடுகிறது. கடல்நீரை எடுக்கும் புதிய மின் நிலையங்களுக்கு, விடும் நீர் ஏற்கும் நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்பது மத்திய அரசு வைத்த வரம்பு. நிலையத்தை அடுத்த இடிந்தகரையில் மட்டும் அளந்தால் எது உலகம் சூடானதால், எது அந்த நீரால் என்று பிரிக்கவே முடியாது. கூட்டப்புளியிலும் உவரியிலும் ஒரே ஆழத்தில், ஒரே நேரத்தில் அளந்தால்தான் பழியும் நியாயமாக இருக்கும், விடுதலையும் நியாயமாக இருக்கும்.

அடுத்தது கரைக்கணக்கு. இப்போது எழுதப்படும் விதத்தில் மீனின்றி வெறுமையாகத் திரும்பிய வள்ளங்கள் விட்டுப்போகின்றன. பத்து வள்ளத்தில் ஆறு வெறுமையாக வந்து, நான்கில் 100 கிலோ வீதம் கிடைத்தால் உண்மைச் சராசரி 40 கிலோ. கிடைத்ததை மட்டும் எழுதினால் 100. கடல் வற்றும்போதும் தாள் நிறைந்தே தெரியும். வெறும் வள்ளத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: போன நேரம், திரும்பிய நேரம், வலைக்கண் அளவு, எரிந்த எண்ணெய், மீன் பூச்சியம். கூடைக் கணக்கு வேண்டாம். ஐஸும் நீரும் சேர்ந்து எடை மாறும். பேச்சாளையையும் சூடையையும் ‘சாளை’ என்று ஒரே பேரில் அடைக்கவும் வேண்டாம். பேச்சாளை ஒருகாலத்தில் பெரும்பாலும் கேரளக் கரை மீன். 1980-களின் பிற்பாதிக்குப் பின்தான் கிழக்குக் கரையில் கணிசமாக விழத் தொடங்கியது. அப்படி இடம்பெயரும் மீனை இனம் பிரித்து எழுதாவிட்டால் அதன் போக்கு யாருக்கும் புரியாது.

வாரம் ஒருமுறை ஒரே வலையில் வந்த 50 மீனை, முகத்திலிருந்து வால்நுனி வரை அரை சென்டிமீட்டர் துல்லியமாக அளந்து, வயிற்றைக் கீறிச் சினை நிலையும் குறிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இன்றைய சினைப்பருவத்தோடு பொருந்துகிறதா என்பதை இந்தச் சினைக்கணக்குதான் சொல்லும். சிங்கி இறாலுக்கும் இதே முறைதான். அதன் குஞ்சு பாறைக்கு வந்து சேருமுன் பல மாதம் நடுக்கடலில் நீவாட்டோடு, அதாவது நீரோட்டத்தோடு, அலைகிறது. நீரோட்டம் மாறினால் முதலில் அடிபடுவது அதுதான். ஆகவே சினைச் சிங்கியையும், ஏற்றுமதிக்கு ஆகாத 200 கிராமுக்குக் குறைந்த பாறைச் சிங்கியையும் வலையிலிருந்து உயிரோடு விடும்போது அந்த எண்ணிக்கையும் பதிவாகட்டும். விட்டவருக்குச் சிறு ஈடு கொடுத்தால் எண்ணிக்கை நேர்மையாக வரும்.

ஊருக்கு இரண்டு இளைஞரையோ பெண்களையோ பயிற்றுவித்துச் சம்பளத்தோடு நியமியுங்கள். மாதப் பதிவை ஏலக்கூடத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். செயற்கைப் பார் (மீன் கூடக் கடலடியில் இறக்கும் செயற்கைப் பாறை) இறக்கும் இடமும் நிவாரணத் தொகையும் அந்தத் தாளைப் பார்த்தே முடிவாகட்டும். கச்சான் எழும்பிவிட்டால் கட்டை இறக்க முடியாது. முதல் கருவிகள் மே இரண்டாம் வாரத்துக்குள் நீரில் இருக்க வேண்டும். வள்ளமும் ஆளும் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
நெல்லைக் கடலோர ஊர்களின் வள்ளத் தொழிலாளர்கள்