முதல் பெண் எம்.பி. நான்சி ஆஸ்டர் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பொது அறிவுப் பக்கத்தில், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் நான்சி ஆஸ்டர் என்று மறுபடியும் போட்டிருக்கிறீர்கள். ஆஸ்டர் 1919 இறுதியில் இடைத்தேர்தலில் வென்று அவைக்குள் போய் அமர்ந்தவர். அதற்கு ஓராண்டு முன்பே, 1918 டிசம்பர் பொதுத்தேர்தலில், அன்று பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த அயர்லாந்தில், டப்ளினின் செயின்ட் பேட்ரிக்ஸ் தொகுதியில் ஜெயித்தவர் கான்ஸ்டன்ஸ் மார்க்கீவிச். அப்போது அவர் லண்டன் ஹாலோவே சிறையில் இருந்தார். அந்தத் தேர்தலில் நின்ற 17 பெண்களில் வென்றது அவர் ஒருவர்தான். லண்டன் நாடாளுமன்றத்தை ஏற்பதில்லை என்பது, அயர்லாந்து விடுதலைக்காகப் போராடிய அவருடைய சின் ஃபெயின் கட்சியின் முடிவு. அதனால் அவர் அங்கே போகவில்லை. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் மனசு ஆறவில்லை.

இதே தவறு முன்பும் உங்கள் இதழில் வந்தது. அப்போதே எழுதினேன், பதில் இல்லை. அதன் பலனை என் மாணவிதான் அனுபவித்தாள். ஒரு வினாடி வினாவில் அவள் "மார்க்கீவிச்" என்று சரியாகச் சொன்னாள். நடுவர் தவறு என்றார். நான் எழுந்து கேட்டபோது, உங்கள் பக்கத்தை வெட்டி ஒட்டியிருந்த நோட்டைப் பிரித்து, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். அச்சில் இருக்கிறதே டீச்சர் என்றார். அந்தப் பெண் பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மார்க்கீவிச்சைப் பற்றி நீங்கள் எழுதாமலும் இல்லை. ஒருமுறை அரைப்பக்கம் வந்தது. அதில் பாதி அவருடைய தொப்பியும் சீருடையும் கைத்துப்பாக்கியும்! அயர்லாந்தின் ஸ்லைகோவில் லிசடெல் மாளிகையில் வளர்ந்த நிலப்பிரபுவின் மகள், விக்டோரியா ராணி முன்னால் நிறுத்தப்பட்ட பெண், 1913இல் டப்ளின் முதலாளிகள் கதவடைத்துத் தொழிலாளர்களைப் பட்டினி போட்டபோது தொழிற்சங்கக் கட்டடமான லிபர்ட்டி ஹாலின் நிலவறையில் நின்று சூப் ஊற்றிக் கொடுத்தார். அதற்காக நகைகளை விற்றார், கடன் வாங்கினார். ஆங்கில ஆட்சியை எதிர்த்து டப்ளினில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் கிடைத்த மரண தண்டனை, பெண் என்ற காரணத்துக்காக மட்டுமே ஆயுள் தண்டனையானது. 1919இல் அயர்லாந்தின் முதல் சட்டமன்றத்தில் தொழிலாளர் துறை அமைச்சரானார். அவருக்கு அடுத்து அந்நாட்டு அமைச்சரவையில் ஒரு பெண் நுழைய 1979 ஆனது. 1927இல் டப்ளினில் ஏழைகளோடு பொது வார்டில் படுத்து உயிர்விட்டார். இதில் ஒரு வரிகூட அந்த அரைப்பக்கத்தில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அயர்லாந்துக்காரர் எல்லாருமே ஆங்கிலேயர்தான். 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கத்தை அமைத்தவர்களில் ஒருவரும், பின்னாளில் வேலூர் சிறையில் இருந்தவருமான மார்கரெட் கசின்ஸையும் "ஆங்கிலப் பெண்மணி" என்றே எழுதினீர்கள். ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர்களை ஆங்கிலேயர் என்று அழைப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய அவமதிப்பு!

முப்பது ஆண்டுகளாக இந்த இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவள் என்ற உரிமையில் கேட்கிறேன். அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இடம் போதாதென்றால் இந்தக் கடிதத்தை விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திண்டிவனம்.