ஒரு மணி நேரம் உழைத்தால் போதுமாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலையின்மை விகிதத்தை மட்டும் சொன்ன உங்கள் செய்தியைப் படித்தேன். எங்கள் தாராவிச் சந்தில் டிப்ளமா முடித்த பையன் ஒருவன், இட்லி விற்கும் அம்மாவுக்கு மாவு அரைத்துக் கொடுக்கிறான். சம்பளமா? சாப்பாடுதான். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் ‘வாராந்திர நிலை’க் கணக்குப்படி, கணக்கெடுப்புக்கு முந்தைய 7 நாளில் 1 மணி நேரம் உழைத்தாலே அவன் வேலையில் இருப்பவன். குடும்பத் தொழிலில் கூலியில்லாத உதவியும் சேர்த்தி. தேடி அலுத்து, இனி வேலையே வேண்டாமென்று உட்கார்ந்துவிட்ட அவன் அக்கா வேலையற்றவர் கணக்கிலும் வரமாட்டாள், வேலையில் இருப்பவரும் வேலை வேண்டுமென்பவரும் அடங்கிய உழைப்பாளர் படையிலேயே இல்லையே! சரி, உலக வழக்கமும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் அதே கணக்கெடுப்பில் உழைத்த நேரம், வருமானம் எல்லாம் கேட்கிறார்கள். அடுத்த முறை விகிதத்தோடு அவற்றையும் சேர்த்து அச்சிடுங்களேன்.

– ஒரு வாசகர், தாராவி, மும்பை