உட்கார்ந்து கேட்டவர்களுக்கு

அன்புள்ள டல்லாஸ் தமிழ் உறவுகளுக்கு,

வணக்கம். இந்த மார்ச் மாதத்தோடு என் மகளின் பள்ளிப் பேச்சுப் போட்டிப் பருவம் முடிந்தது. பதினோராம் வகுப்புப் படிக்கும் அவள், கடைசிப் போட்டியில் இறுதிச் சுற்றுவரை சென்று நான்காம் இடம் பெற்றாள். செய்தி கேட்டு எல்லோரும் அவளை வாழ்த்தினீர்கள். அந்த வாழ்த்தில் உங்களில் பலருக்குப் பங்கு இருக்கிறது. நேரில் சொல்ல வாயெடுத்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அவள் பங்கேற்கும் பிரிவின் பெயர் டிராமாட்டிக் இன்டர்பிரட்டேஷன். அச்சில் வந்த ஒரு நாடகத்தையோ கதையையோ எடுத்து, பத்து நிமிடத்துக்குள் அடங்குமாறு சுருக்கி, மனப்பாடமாக நிகழ்த்த வேண்டும். கதையில் எத்தனை பேர் வந்தாலும் அத்தனை பேரும் அவள்தான். வேடம் கிடையாது, கையில் ஒரு பொருளும் இருக்கக் கூடாது. 1925ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்து ரிப்பன் கல்லூரியில் புரூனோ ஜேக்கப் தொடங்கி வைத்த, பள்ளிப் பிள்ளைகளுக்கான பேச்சுப் போட்டி அமைப்பின் விதிகள் இவை. நான் படித்த காலத்துப் பேச்சுப் போட்டி என்றால் மேடையும் ஒலிபெருக்கியும்தான் நினைவுக்கு வரும். இங்கே ஒரு வகுப்பறை, ஐந்தாறு பிள்ளைகள், எதிரே பத்தடி தூரத்தில் ஒரு நடுவர். அவ்வளவு அருகில் கண் இமைப்பதுகூடத் தெரிந்துவிடும்.

பள்ளியில் பயிற்சி தரும் ஆசிரியைக்கு ஆங்கிலத்தில் தனியாகக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அவர் செய்ததை நம்மவர்களும் அறிய வேண்டும். என் மகள் எடுத்துக்கொண்டது, மருத்துவமனையில் மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயின் கதை. முதலில் சுருக்கியபோது பதினேழு நிமிடம் வந்தது. எழுதியவரின் சொற்களை நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. எதை விடுவது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. மகனின் சட்டையை அந்தத் தாய் மடித்து வைக்கும் பத்தி என் மகளுக்கு உயிர். அதை எடுத்துவிடு என்று ஆசிரியை ஒருமுறையும் சொல்லவில்லை. அந்தப் பத்தியைப் பேசாமல், அந்த இடத்தில் கைகள் மட்டும் மடிக்கட்டும் என்றார். அவள் செய்து முடித்ததும், "சட்டையைப் பார்த்துவிட்டேன்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே அந்தப் பத்தியைத் தன் கையாலேயே அவள் அடித்துவிட்டாள். செவ்வாய், வியாழன் என்று வாரம் இரண்டு நாள் இருட்டும்வரை பள்ளியில் இருந்து இதையெல்லாம் சொல்லிக் கொடுத்த அவரை நான் எப்படி மறப்பேன்?

கும்பகோணத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து, எங்களுக்குக் கீழ் வீட்டில் தங்கியிருந்த பெரியவரே, இனி உங்களிடம் பேசுகிறேன். நவம்பரில் ஒரு மாலை, மேலே ஒரு பெண் குரல் விம்முவதைக் கேட்டு, செருப்புகூடப் போடாமல் படியேறி வந்து கதவைத் தட்டினீர்கள். "குழந்தைக்கு என்னம்மா ஆயிற்று?" என்று கேட்ட உங்கள் முகத்திலிருந்த பதற்றம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒத்திகை என்று சொன்னதும் திரும்பிப் போயிருக்கலாம். நீங்கள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, "சரி, முதலிலிருந்து செய் பார்க்கலாம்" என்றீர்கள்.

அக்டோபரில் நடந்த ஒரு போட்டியில் அவள் 10 நிமிடம் 41 வினாடி எடுத்துவிட்டாள். சலுகை நேரம் 30 வினாடிதான். அதைத் தாண்டினால் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் அந்தச் சுற்றில் முதலிடம் தர மாட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து உங்கள் எச்.எம்.டி. கைக்கடிகாரத்தைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு நாள்தோறும் நேரம் பார்த்தீர்கள். ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு விரல் உயரும். அந்த விரலுக்கு அவள் பழகிப்போனாள்.

அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. அவளுடைய ஆங்கிலம் பாதிதான் புரிகிறது என்று சொன்ன நீங்கள்தான், "அந்த அம்மா இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி அழுகிறாளே, ஏன்?" என்று கேட்டீர்கள். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. முதல் அழுகை செவிலியின் எதிரில், இரண்டாவது யாருமில்லாத தாழ்வாரத்தில். பிறர் பார்க்க அழுவதும் தனியே அழுவதும் ஒன்றாக இருக்குமா? அன்றிரவு வெகுநேரம் அவள் தூங்கவில்லை. மறுநாள் முதல் அழுகையை விழுங்கிவிட்டாள். தாடை மட்டும் இறுகியது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அடிவயிறு கலங்கியது.

நடுவர்களாக வந்த பெற்றோருக்கு என் வணக்கம். எத்தனை பிள்ளைகள் கலந்துகொள்கிறார்களோ, அதற்கேற்பப் பள்ளி நடுவர்களை அனுப்ப வேண்டும். சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு நீங்கள் வந்ததால்தான் எங்கள் பிள்ளைகளின் பெயர் பட்டியலில் ஏறியது. நானும் இரண்டு முறை நடுவராக உட்கார்ந்தேன். 1, 2, 3 என்று வரிசை போடுவது எளிது. ஐந்தாவதாக வந்த பிள்ளைக்கு நான்கு வரி எழுதுவதுதான் கடினம், அதுதான் முக்கியமும்கூட. வெறும் "நன்று" என்ற சொல்லை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை அடுத்த வாரம் எதைத் திருத்தும்? யாரென்று தெரியாத ஒரு நடுவர் என் மகளுக்கு எழுதினார்: "செவிலி எங்கே நிற்கிறாள் என்று நான் காண்பதற்குள் தாய் பதில் சொல்லிவிடுகிறாள்." அந்த ஒரு வரியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, பாத்திரம் மாறும்போதெல்லாம் பார்வை எங்கே விழ வேண்டும் என்று மூன்று வாரம் பழகினாள். எழுதியவர் இதைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் அவருக்கும் நன்றி.

போட்டிக்குப் போட்டுச்செல்லக் கறுப்புக் கோட்டு ஒன்றை இரவல் தந்து, தோளைப் பிடித்துத் தைத்தும் கொடுத்த அக்காவுக்கு நன்றி. விடியற்காலை ஐந்து மணிக்குப் பள்ளிப் பேருந்தில் ஏறிய பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து இட்லி கட்டிக் கொடுத்த குடும்பத்தை அந்தப் பிள்ளைகளே மறக்க மாட்டார்கள். சென்ற ஆண்டு படிப்பை முடித்துப் போன பெண், கல்லூரித் தேர்வுகளுக்கு நடுவிலும் இவள் அனுப்பிய ஒவ்வொரு வீடியோவையும் பார்த்துத் திருத்தம் சொன்னாள். நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணே.

பெரியவரே, ஆறு மாதம் முடிந்து பிப்ரவரியிலேயே நீங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள். இறுதிச் சுற்றில் அவள் எடுத்தது 9 நிமிடம் 52 வினாடி. அன்றிரவு அழைத்தபோது அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. எத்தனையாவது இடம் என்று நீங்கள் கேட்கவே இல்லை. "இரண்டாவது அழுகை எப்படி வந்தது?" என்றீர்கள். போட்டிக் கோட்டைக்கூடக் கழற்றாமல், போனைச் சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, ஹாலில் நின்று உங்களுக்கு அதைச் செய்து காட்டினாள்.

நன்றியுடன்,
மேல் வீட்டு அம்மா