கூறியவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலெழும்ப ஓடிய பயிற்சி விமானம் ஒன்று ஓடுபாதையைத் தாண்டிப் புல்வெளியில் இறங்கி, முன்சக்கரம் மடங்கி நின்ற செய்தியைக் கடந்த செவ்வாய்க்கிழமை தங்கள் நாளிதழில் வாசித்தேன். 'மாணவர் பதற்றத்தில் என்ஜின் விசையைக் குறைத்ததே காரணம் எனக் கூறப்படுகிறது' என்று அது முடிந்திருந்தது. கூறியவர் யாரென்று தெரிவித்திருந்தால், தங்களுக்குச் சிரமம் தராமல் அவரையே கேட்டிருப்பேன். இரண்டு பேர் அமரும் விமானத்தின் செய்திக்கு இருநூறு பேர் பயணிக்கும் ஜெட் விமானத்தின் படத்தைப் போட்டிருந்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

பயிற்சிப் பள்ளி ஒன்றில் 19 ஆண்டுகள் செஸ்னா விமானங்களைப் பராமரித்தவன் நான். சக்கரம் தரையில் இருக்கும்போதே என்ஜின் திணறினால் உடனே விசையைக் குறைத்து பிரேக்கை மிதிக்க வேண்டும் என்பது மாணவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பாடம். நூறு அடி ஏறியபின் என்ஜின் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்ப வழியில்லை. எதிரே வயலோ சாலையோ, அதில்தான் இறங்க வேண்டும். தாங்கள் பதற்றம் என்று அச்சிட்டது அந்தப் பாடத்தைத்தான்.

எங்கள் பள்ளியிலும் மழைக்காலக் காலை ஒன்றில் இதேபோல நடந்தது. 'பையன் பயந்துவிட்டான்' என்று நிர்வாகம் சொன்னதை அன்றும் தாங்கள் அப்படியே வெளியிட்டீர்கள். பிற்பகலில் எரிபொருள் வடிகட்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தேன். நீலநிறப் பெட்ரோலுக்கு அடியில் விரற்கடை அளவு தண்ணீர் நிறமின்றித் தேங்கி நின்றது. காலையிலேயே அதை வடித்துப் பார்க்கத் தவறியவர்களில் நானும் ஒருவன். இதையெல்லாம் விளக்கித் தங்களுக்கு எழுதிய கடிதம் வெளிவரவில்லை. ஊருக்குப் போன அந்தப் பையன் பயிற்சிக்குத் திரும்பவும் இல்லை.

2023 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் நான்கே நாட்களுக்குள் ஒரே பயிற்சிப் பள்ளியின் இரண்டு விமானங்கள் விபத்துக்குள்ளாயின. அதன்பின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்தப் பள்ளியின் பயிற்சியையே நிறுத்திவைத்தது. ஆக, விசாரித்துப் பார்த்தால் மாணவரைத் தாண்டியும் பார்க்க வேண்டியவை இருக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. விபத்து விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவதல்ல, இனியொரு விபத்தைத் தடுப்பதே என்று சர்வதேச விதிகள் சொல்வதையும் தாங்கள் அறிவீர்கள்.

விமான விபத்துப் புலனாய்வுப் பணியகத்தின் அறிக்கை வெளிவரும் நாளில், அதன் முடிவை இதே பக்கத்தில் நான்கு வரியாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பணியாளர்,
தாம்பரம்.