மழை நாளில் தீம் பார்க்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

சனிக்கிழமை பிள்ளைகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்துவிட்டோம், இப்போது பார்த்தால் மழை என்று காட்டுகிறது, போகலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போங்கள். மழை நாளில் கூட்டம் குறையும், வரிசை சுருங்கும், வெயிலில் வாடும் தொல்லையும் இல்லை. நாளைக் கெடுப்பது மழை இல்லை. ஈரத்துணியோடு பிள்ளையை இரண்டு மணி நேரம் விட்டுவைப்பதுதான் கெடுக்கும். இடி மின்னல் மட்டும் வேறு கதை, அதைப் பிறகு சொல்கிறேன்.

போனில் ‘60% மழை’ என்று பார்த்ததும் பயந்துவிடாதே. மழை பெய்ய எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எவ்வளவு நேரம் பெய்யும், தூறலா கொட்டலா என்பதெல்லாம் அதில் இருக்காது. மணிவாரியான கணிப்பைப் பார். அன்று காலையில் ரேடார் படத்தையும் பார்த்துவிடு. மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது அதில் தெரியும், அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அதை நம்பலாம். வெப்பத்தால் கிளம்பும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். அதனால் வாசல் திறக்கும்போதே நீங்கள் வரிசையில் நிற்க வேண்டும். பத்து மணிக்குப் பதில் பதினொன்றரைக்குப் போனால் நல்ல நேரத்தில் பாதி போய்விடும்.

துணி விஷயத்தில் நீ பிடிவாதமாக இரு. பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் காயாது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சின்னப் பிள்ளைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், அதனால் நம்மைவிட வேகமாகக் குளிர்ந்துபோவார்கள். விளையாட்டு உடை தைக்கும் மெல்லிய பாலியஸ்டர் துணி போதும். நனைந்தாலும் பிழிந்து உதறினால் சீக்கிரம் காய்ந்துவிடும்.

காலுக்குப் பின்வார் வைத்த சாண்டல் நல்லது. தண்ணீர் வந்த வழியே போய்விடும், ரைடில் கழன்று விழாது. ரப்பர் பூட்ஸ் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மேல்வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் அதுவே வாளி, நடந்து நடந்து குதிகாலில் கொப்புளம் போடும். கேன்வாஸ் ஷூ ஒருமுறை ஊறினால் அன்று முழுக்கக் காயாது. இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. ரைடு வாசலில் உயரத்தைப் பெரும்பாலும் காலணியோடுதான் அளப்பார்கள். பெரியவன் 100 அல்லது 120 செ.மீ. கோட்டுக்கு மிக அருகில் இருந்தால், தடித்த ஷூவுக்குப் பதில் மெல்லிய சாண்டல் போட்டதாலேயே ஒரு செ.மீ. குறைந்து திருப்பி அனுப்பப்படலாம். வீட்டிலேயே அந்த சாண்டலோடு சுவரோரம் நிறுத்தி அளந்து பார். எதில் ஏற முடியும், எதில் முடியாது என்பதை முதல் நாளே அவனுக்குச் சொல்லிவிடு. வாசல்வரை போய் அழுவதற்கு அது எவ்வளவோ மேல்.

குடையைத் தீம் பார்க்குக்குள் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை. கூட்டத்தில் பெரியவர்கள் பிடிக்கும் குடைக்கம்பியின் நுனி, நீ தூக்கி வைத்திருக்கும் பிள்ளையின் கண் உயரத்துக்கு வந்து நிற்கும். ரைடிலும் விடமாட்டார்கள். ஒரு கை போய்விட்டால் இரண்டு பிள்ளைகளை எப்படிப் பிடிப்பாய்? பெரியவர்களுக்குத் தலைவழியாக மாட்டும் போஞ்சோ வாங்கு, முதுகுப்பையும் சேர்ந்து மூடிக்கொள்ளும். பிள்ளைகளுக்குக் கைவைத்த ரெயின்கோட்தான் சரி. போஞ்சோவின் விளிம்பை மிதித்துத் தடுக்கி விழுவார்கள். கோட்டுக் குல்லாயில் கயிறு இருந்தால் உருவி எடுத்துவிடு, கழுத்துப் பக்கம் தொங்கும் கயிறு எதிலாவது மாட்டினால் ஆபத்து. நிறம் நல்ல பளிச்சென்று இருக்கட்டும். மழை வந்ததும் பார்க் முழுக்க ஒரே வெள்ளை போஞ்சோவாகிவிடும், உன் பிள்ளை எது என்று தெரியாது. காலையில் உள்ளே போனதும் ரெயின்கோட் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று என இரண்டு போட்டோ எடுத்து வைத்துக்கொள். உன் போன் நம்பரை மணிக்கட்டின் உட்பக்கம் அழியாத மையால் எழுதிவிடு. சட்டையில் எழுதினால் துணி மாற்றும்போது நம்பரும் பைக்குள் போய்விடும்.

இனி பை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முழு செட்டை ஒரு ஜிப்லாக் கவரில் போடு: உள்ளாடை, சட்டை, பேன்ட், சாக்ஸ். கவருக்குள் இருக்கும் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடினால் இடம் பாதியாகும். சின்னவளுக்கு இரண்டு கவர், பெரியவனுக்கு ஒன்றோடு ஒரு உபரிச் சட்டை. சட்டையெல்லாம் ஒரு கவர், பேன்ட்டெல்லாம் ஒரு கவர் என்று பிரிக்காதே. அப்படி வைத்தால் ஒருத்திக்கு மாற்றுவதற்காக எல்லாக் கவரையும் ஈரக்கையால் திறக்க வேண்டிவரும். உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆளுக்கொரு சட்டை, சாக்ஸ். பெற்றவர்கள் தங்களை மறந்துவிடுவது வழக்கம்; நனைந்த மடியில் உட்கார்ந்தால் காய்ந்த பிள்ளையும் நனையும். ஈரத்துணிக்கு ஒரு பெரிய குப்பைப் பை, இரண்டு மெல்லிய மைக்ரோஃபைபர் துண்டு, இருக்கை துடைக்க ஒரு பழைய துணி. டயப்பர் வழக்கத்தைவிட இரண்டு மூன்று கூடுதலாக வை. மழைத்தண்ணீரிலேயே ஊறி உப்பிவிடும்.

நனைந்த பிள்ளைக்குக் கழிவறையில் துணி மாற்றுவதற்கு ஒரு வரிசை உண்டு. உள்ளே நுழைவதற்கு முன்பே ரெயின்கோட்டைக் கழற்றி வெளியில் உதறிவிடு. குப்பைப் பையை விரித்து அதன்மேல் பிள்ளையை நிறுத்து, ஈரத்தரை காலில் படக்கூடாது. முதலில் தலை: துண்டால் தேய்க்காமல் அழுத்தி ஒற்று. ஈரமுடியோடு சட்டையை மாற்றினால் புதுச்சட்டையின் கழுத்து உடனே நனையும். அடுத்து மேல்சட்டையைக் கழற்றி, முதுகையும் அக்குளையும் துடைத்து, காய்ந்த சட்டையைப் போட்டுவிடு. இதுவரை கீழே எதையும் தொடாதே, உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் திறந்திருந்தால் நடுங்க ஆரம்பிக்கும். பிறகு பேன்ட், உள்ளாடை, கடைசியில் கால். விரல் இடுக்குகளைத் துடைத்துவிட்டுத்தான் சாக்ஸ். கழற்றிய ஈரத்துணி எதுவும் காய்ந்த கவருக்குத் திரும்பப் போகக்கூடாது. கை காய வைக்கும் மெஷினில் சாக்ஸை ஒரு நிமிடம் பிடிக்கலாம். அந்தச் சத்தத்துக்குச் சின்னவள் மிரண்டால் விட்டுவிடு.

தள்ளுவண்டிக்கு அதன் அளவுக்கே தைத்த மழை உறை வாங்கு. பக்கவாட்டில் காற்றோட்டத் துளை இருக்கிறதா என்று பார். மழை நின்று வெயில் எட்டிப்பார்த்தால் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் சூடு வேகமாக ஏறும். பிள்ளை தூங்கினாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்தின் பின்பக்கம் கைவைத்துப் பார், வியர்த்திருந்தால் திற. போஞ்சோவைத் தள்ளுவண்டிமேல் போர்த்தி ஒப்பேற்ற வேண்டாம், முகத்தில் சரிந்து மூச்சை அடைக்கும். ரைடுக்குப் போகும்போது வண்டியை வெளியில் விட்டுப்போனால் ஆளில்லாத இருக்கைக்கும் உறை போட்டுவிட்டுப் போ. ஊழியர்கள் வண்டிகளை இடம் மாற்றி அடுக்குவார்கள், அதனால் கைப்பிடியில் ஒரு நிற ரிப்பன் கட்டு. கைப்பிடியில் கனமான பையை மாட்டாதே, பிள்ளையைத் தூக்கியதும் வண்டி பின்பக்கம் சாயும்.

உள்ளே போனதும் எதில் முதலில் ஏறுவது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். தூறல் விழுந்ததும் மொத்தக் கூட்டமும் கூரைக்கு அடியில் ஓடும். அரங்கக் காட்சி, உள்ளரங்க ரைடு எல்லாவற்றிலும் வரிசை நீளும். அந்த நேரத்தில் வெளி ரைடுகளில் ஆள் இருக்காது. காய்ந்திருக்கும்போதும் லேசாகத் தூறும்போதும் வெளி ரைடுகளை முடித்துக்கொள். கனமழை எப்போது வரும் என்று ரேடாரில் தெரிந்தால், அதற்கு இருபது நிமிடம் முன்பே உள்ளரங்கக் காட்சிக்குப் போய் உட்கார்ந்துவிடு. சாப்பாடும் அப்படித்தான்: பதினொன்றேகாலுக்கே சாப்பிட்டுவிட்டால் மேசை கிடைக்கும், மழைக்கு ஒதுங்கும் கூட்டத்தோடு தட்டு ஏந்தி நிற்க வேண்டாம். குளிராக இருப்பதால் பிள்ளைகள் தண்ணீர் கேட்கமாட்டார்கள். நீயாகக் கொடு. ஒரு ஃபிளாஸ்க்கில் சூடாக ஏதாவது இருக்கட்டும்.

ரைடை ஏன் நிறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் காத்திருப்பதா நகர்வதா என்று நீயே முடிவெடுக்கலாம். மழையில் தண்டவாளமும் சக்கரமும் வழுக்கும். சில ரோலர் கோஸ்டர்களில் உரசி நிறுத்தும் பிரேக் இருக்கும், நனைந்தால் அதன் பிடி குறையும். காந்த பிரேக் வைத்தவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் ஒரே மழையில் ஒன்று ஓடும், இன்னொன்று நிற்கும். வேகமாகப் போகும் ரைடில் மழைத்துளி முகத்தில் ஊசியாகக் குத்தும். உயரமான ராட்டினங்களைப் பெரும்பாலும் மழைக்காக இல்லை, காற்றுக்காக நிறுத்துவார்கள். டேஷிங் காரில் தரை நனைந்தால் சக்கரம் பிடிக்காது, மின்சாரமும் இருக்கிறது, அதனால் கூரை ஒழுகினாலே மூடிவிடுவார்கள். குடைராட்டினம் கூரை உள்ளது, நம் சின்னவளுக்கு அதுவே போதும். மழை நின்ற உடனே எதுவும் திறக்காது. துடைத்து, காலியாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஆள் ஏற்றுவார்கள். காலிப் பெட்டிகள் சுற்றுவதைப் பார்த்தாயானால் அங்கேயே நில், திறக்கப்போகிறார்கள் என்று அர்த்தம்.

இடி மின்னலில் பேரமே கிடையாது. மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பி. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்கச் சுமார் 3 விநாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குள் போய்விடு. மரத்தடி, நாலு கம்பத்தின்மேல் நிற்கும் கூடாரம், தனியாக நிற்கும் நிழற்குடை எதுவும் பாதுகாப்பு இல்லை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதே. நடுவில் இன்னொரு இடி கேட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. தண்ணீர் விளையாட்டுகளைவிட்டு முதல் முழக்கத்திலேயே கரையேறிவிட வேண்டும், ஊழியர் விசில் ஊதும்வரை காத்திருக்காதே. இந்த அரைமணிக்கென்று வண்ணப் பென்சிலும் சின்ன நோட்டும் பையில் வை.

ஏறும்போது இருக்கையைத் துடை. பிள்ளையின் ரெயின்கோட் பின்பக்கத்தை இடுப்புக்குமேல் சுருட்டிவிட்டு உட்கார வை, பிளாஸ்டிக்மேல் உட்கார்ந்தால் வழுக்கிக் கீழே சரிவார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பாதுகாப்புக் கம்பி என்றால், அது உன் தொடையில் முட்டி நின்றுவிடும், பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் இடையில் இடைவெளி இருக்கும். அந்த மாதிரி ரைடில் பிள்ளை எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று ஆபரேட்டரைக் கேள். போஞ்சோவைக் கழற்றச் சொன்னால் மறுபேச்சு வேண்டாம், பறந்து சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும்.

நடக்கும்போது பெயின்ட் அடித்த கோடுகள், இரும்புத் தகடுகள், பளபள டைல்ஸ் மூன்றையும் மிதிக்காமல் போகப் பழக்கு. ஈரத்தில் முதலில் வழுக்குவது இவைதான். போனைச் சார்ஜ் செய்யுமுன் அதன் துளை காய்ந்திருக்கிறதா பார். டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட் உன் போனிலும் மாப்பிள்ளையின் போனிலும் இருக்கட்டும், ஈரவிரலுக்கு டச் ஸ்கிரீன் சரியாக வேலை செய்யாது.

எப்போது கிளம்புவது என்பதைக் காலையிலேயே நீங்கள் இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் காய்ந்த செட்டைப் போட்டுவிட்டால் அதுவே கிளம்பும் நேரம். உதடு நீலம் பாய்ந்தாலோ, மாற்றிய பிறகும் நடுக்கம் நிற்காவிட்டாலோ உடனே சூடான இடம். துறுதுறுவென்று இருந்த பிள்ளை திடீரென்று அமைதியாகிவிட்டால் அதைச் சமர்த்து என்று நினைக்காதே, குளிரில் சோர்ந்திருக்கலாம். காரில் ஏற்றுமுன் ரெயின்கோட்டையும் தடித்த ஸ்வெட்டரையும் கழற்றிவிட்டுத்தான் சைல்ட் சீட் பெல்ட் போட வேண்டும். தடித்த உடைக்குமேல் இறுக்கினால் உள்ளே தளர்வாகவே இருக்கும். போர்வையைப் பெல்ட்டுக்குமேல் போர்த்து.

வீட்டுக்கு வந்த இரவே தள்ளுவண்டியை விரித்துக் காயவை, மடித்துப் போட்டால் பூஞ்சை பிடிக்கும். ஷூ நனைந்திருந்தால் செய்தித்தாளைக் கசக்கித் திணி, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்று.

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் விதிகளை இன்றைக்கே படி. மழைக்காகப் பணம் திருப்பித் தரும் பார்க் குறைவு; தேதி மாற்றித் தருகிறார்களா, எத்தனை நாள் முன்பு கேட்க வேண்டும், எத்தனை ரைடு நின்றால் வேறு நாளுக்கு அனுமதி தருவார்கள் என்று பார். வாசலில் ஸ்கேன் செய்துவிட்டால் பெரும்பாலும் மாற்றமாட்டார்கள். அதனால் காரை விட்டு இறங்குமுன் ரேடாரை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போ. மாப்பிள்ளையிடமும் இதைப் படிக்கச் சொல், பையை அவர்தானே சுமக்கப்போகிறார்.

அன்புடன்,
அம்மா